குளிர்காலத்தில் பாய்மரப் படகில் நார்ஃபோக் முதல் மயாமி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக, கடலுக்குள் போகாமல் உள்நீர்வழியிலேயே தெற்கே இறங்கும் பயணத்தைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நானும் கணவரும் மேரிலாந்தில் இருக்கிறோம். எங்கள் படகு 34 அடி நீளம். தண்ணீருக்கடியில் 5 அடி இறங்கும். மாஸ்ட்டின் (பாயைத் தாங்கும் தூணின்) உச்சி நீர்மட்டத்திலிருந்து 50 அடிக்குச் சற்றுக் குறைவு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த அளவுகளைப் பொறுத்தவை. உங்கள் படகு வேறு என்றால் பதிலும் வேறு.

இது கடலா, ஆறா, கால்வாயா?

மூன்றும்தான். முழுப்பெயர் அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. வர்ஜீனியாவில் நார்ஃபோக் பக்கத்தில் எலிசபெத் ஆற்றில் மைல் 0 தொடங்குகிறது. அங்கிருந்து வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா வழியாக ஃப்ளோரிடாவின் மயாமி வரை ஏறக்குறைய 1,090 மைல். இன்னும் போனால் கீ வெஸ்ட்டில் 1,240 சொச்சத்தில் முடியும். இந்தக் கரை நெடுக வெளியே மணல் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கும் நிலத்துக்கும் நடுவே ஆறுகள், உப்பங்கழிகள், அகன்ற காயல்கள். இவை ஒன்றோடொன்று சேராத இடங்களில் கால்வாய் வெட்டி இணைத்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு வழி வேண்டும் என்று கருவூலச் செயலராக இருந்த ஆல்பர்ட் கலட்டின் அறிக்கை கொடுத்தது 1808-இல். தென் கரோலினாவில் கடைசித் துண்டு வெட்டி முடிந்தது 1936-இல். அரசாங்க வேலை எங்கும் அரசாங்க வேலைதான். ஆனால் முடித்தது நல்லதாகப் போயிற்று. 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இதே கரைக்கு வெளியே எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது சரக்குப் படகுகளுக்கு உள்ளே ஒரு வழி இருந்தது. இன்றும் ராணுவப் பொறியாளர் படைதான் பராமரிக்கிறது. சுங்கம் கிடையாது.

ஒரு சின்னச் சிக்கல்: இங்கே தூரத்தைத் தரை மைலில் குறிக்கிறார்கள், கடல் மைலில் அல்ல. படகின் வேகமானியோ நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் காட்டும். 5.5 நாட் என்றால் மணிக்கு சுமார் 6.3 தரை மைல்.

ஏன் குளிர்காலத்தில்? வெயில் காலத்தில் போகக் கூடாதா?

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். பல காப்பீட்டு நிறுவனங்கள் நவம்பர் தொடங்கும்வரை ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே படகைக் கொண்டுபோக விடுவதில்லை. கோடும் தேதியும் பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். வடக்கே செசபீக் விரிகுடாவில் அதற்குள் குளிர் கடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே பெரும்பாலானவர்கள் அக்டோபரில் கிளம்பி நவம்பர் முழுக்க ஊர்ந்து இறங்குகிறார்கள்.

எங்களால் டிசம்பர் தொடக்கத்தில்தான் கிளம்ப முடிகிறது. கூட்டம் குறைவு, நங்கூரம் பாய்ச்ச இடம் தாராளம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் குளிரைத்தான் கேட்கிறார்கள். குளிரைச் சமாளிக்கலாம், கம்பளிச் சட்டை கடையில் கிடைக்கும். வெளிச்சம் எந்தக் கடையிலும் கிடைக்காது. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் நார்ஃபோக்கில் பகல் 9 மணி 40 நிமிடம் அளவுதான். மாலை ஐந்தடிப்பதற்குள் சூரியன் போய்விடும். மயாமியிலும் அதே வாரத்தில் பத்தரை மணி நேரம்தான் பகல். பாலம், ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்), நங்கூரம், சமையல் எல்லாம் இந்தப் பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

கணக்கு இதுதான். காலை ஏழரைக்கு நங்கூரம் தூக்கினால் மூன்றரை, நான்குக்குள் அடுத்த இடத்தில் நங்கூரம் இறங்கியிருக்க வேண்டும். எட்டு மணி நேரம், மணிக்கு ஆறு மைல் சொச்சம். பாலத்தில் காத்திருப்பது, எதிர் நீரோட்டம் இவற்றைக் கழித்தால் நாளொன்றுக்கு 40 முதல் 45 மைல். அந்தக் கணக்குப்படி 1,090 மைலுக்கு 25 நாள். காற்றுக்காகவும் மழைக்காகவும் மூடுபனிக்காகவும் நிற்கும் நாள்களைச் சேர்த்தால் ஐந்து, ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மயாமியிலிருந்து விமான டிக்கெட் முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள். உறவினர்களை "இந்தத் தேதிக்கு சார்ல்ஸ்டன் வந்து ஏறிக்கொள்ளுங்கள்" என்று அழைக்கவும் வேண்டாம். தேதியையோ ஊரையோ ஒன்றைத்தான் சொல்ல முடியும், இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது. மோசமான வானிலையில் ஒருவர் ஏன் புறப்பட்டார் என்று விசாரித்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் எங்கோ காத்திருந்திருப்பார்.

பாய்மரப் படகு என்கிறீர்கள். பாய் விரித்துத்தான் போவீர்களா?

உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பகுதி தூரம் டீசல் எஞ்சின்தான். கால்வாய் குறுகல், வளைவுகள் அதிகம், நடுவழியை விட்டு இரண்டு படகு அகலம் விலகினால் தரை. காற்று பின்னாலிருந்து வந்தால் முன்பாயை மட்டும் அவிழ்த்துவிட்டு எஞ்சினையும் ஓட விடுவோம். அரை நாட் கூடக் கிடைக்கும், மனதுக்கும் ஆறுதல்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயில் போகக்கூடிய இடங்கள் வட கரோலினாவில் இருக்கின்றன: ஆல்பமார்ல் சவுண்ட் என்னும் அகன்ற காயல், பங்கோ ஆறு, நியூஸ் ஆறு. குளிர்காலத்தில் ஒரு குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்துபோன மறுநாள் வாடைக்காற்று சீராக வீசும். தெற்கே போகிறவர்களுக்கு அது பின்காற்று. அந்த ஒரு நாளுக்காகத்தான் மாஸ்ட்டைச் சுமக்கிறோம் என்று கணவர் சொல்வார். எனக்கு அந்த எஞ்சின் சத்தமே பழகிவிட்டது, அதன் சுருதி மாறினால் தூக்கத்திலும் விழித்துக்கொள்வேன்.

முழுக்கப் பாயில்தான் போக வேண்டும் என்றால் வெளியே கடல் வழியாகப் போகலாம். ஆனால் ஹேட்டரஸ் முனையைக் குளிர்காலத்தில் சுற்றுவது வேறு வகைப் பயணம், வேறு வகை மனிதர்கள்.

பாலங்களில் மாஸ்ட் இடிக்காதா?

நிலையான பாலங்கள் எல்லாம் உயர் ஓதத்தில் 65 அடி உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. மைல் 126 அருகே உள்ள வில்கர்சன் பாலம் 64 அடிதான் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். 50 அடி மாஸ்ட்டுக்கு இவையெல்லாம் கவலை இல்லை. ஆனாலும் கீழே போகும்போது அண்ணாந்து பார்த்தால் இடிக்கப்போகிறது என்றே தோன்றும். கோணம் அப்படி. முதல் சில பாலங்களில் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதவரை நான் பார்த்ததில்லை. 63, 64 அடி மாஸ்ட்காரர்கள்தான் நிஜமாகவே மூச்சைப் பிடிக்க வேண்டும். காற்று நீரை உள்ளே தள்ளினாலோ அதிக மழை பெய்திருந்தாலோ பாலத்தின் உயரம் குறைந்துவிடும். தூணில் அளவுப் பலகை இருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

திறக்கும் பாலங்கள் வேறு விஷயம். தூக்குப் பாலம், சுழல் பாலம் இரண்டும் உண்டு. பாலத்தை இயக்குபவரைப் படகின் விஎச்எஃப் ரேடியோவில் அழைக்க வேண்டும்: வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் சேனல் 13, தென் கரோலினாவிலிருந்து தெற்கே சேனல் 9. பாலத்தின் பெயர், படகின் பெயர், தெற்கே போகிறோம், அடுத்த திறப்புக்குக் காத்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். சில பாலங்கள் கேட்டவுடன் திறக்கும். ரைட்ஸ்வில் பீச் பாலம் மணிக்கு ஒரு முறைதான். இரண்டு நிமிடம் தாமதித்தால் 58 நிமிடம் வட்டமடிக்க வேண்டும், அதுவும் பின்னாலிருந்து நீரோட்டம் பாலத்தை நோக்கித் தள்ளும்போது. எங்கள் மாதிரி மெதுவான படகுக்கு, ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்தின் திறப்பு நேரத்துக்கு எட்டிப்பிடிக்க முடியுமா என்பதே காலைநேரக் கணக்கு. முடியாது என்றால் வேகத்தைக் குறைத்து நிதானமாகப் போய் அதற்கடுத்த திறப்பைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். எஞ்சினை அலறவிட்டு ஓடி மூடிய பாலத்தின் முன்னால் நிற்பதில் ஒரு லாபமும் இல்லை.

அலிகேட்டர் ஆற்றுச் சுழல் பாலம் போன்றவை பலத்த காற்றில் திறக்க மாட்டார்கள். பாம் பீச்சிலிருந்து மயாமி வரை பாலத்துக்குப் பாலம் நின்று நின்று போவதுதான். அங்கே பொறுமை இல்லாதவர்கள் வெளிக்கடலுக்குப் போய்விடுகிறார்கள், அதில் தவறில்லை.

தொடக்கத்திலேயே இரண்டு வழி பிரிகிறதாமே, எதில் போவது?

ஆமாம், நார்ஃபோக்குக்குக் கொஞ்சம் தெற்கே. ஒன்று வர்ஜீனியா கட் என்று சொல்லப்படும் ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய், 1859-இல் திறந்தது. ஆழம் அதிகம், கிரேட் பிரிட்ஜில் ஒரே ஒரு லாக் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அமைப்பு), அதில் ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று அடிதான். சரக்குப் படகுகள் இந்த வழியில்தான் போகும்.

மற்றது டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1793-இல் வெட்டத் தொடங்கி 1805-இல் திறந்தார்கள். வெட்டியவர்கள் அடிமைகள், இடுப்பளவு சேற்றில் நின்று கையால் வெட்டினார்கள். அதே சதுப்புக்காட்டின் உட்பகுதியில்தான் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனும் இந்தச் சதுப்பை வடித்து விளைநிலமாக்கும் நிறுவனம் ஒன்றில் பங்குதாரர். கால்வாயின் நடுவே பயணிகள் நிலையம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் காரில் வருகிறவர்களுக்கும் கால்வாயில் படகில் வருகிறவர்களுக்கும் அது பொது. இந்த வரலாற்றை அங்கே இறங்கிப் படித்துவிட்டுப் போங்கள். அப்புறம் அந்த 22 மைல் நேர்கோட்டை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

இரண்டு முனையிலும் லாக்: வடக்கே டீப் கிரீக், தெற்கே சவுத் மில்ஸ். இரும்புக் கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்திக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை விட்டு ஏறக்குறைய எட்டடி தூக்குவார்கள், மறுமுனையில் அதேபோல் இறக்குவார்கள். நாளில் குறித்த சில வேளைகளில் மட்டுமே திறப்பு. தண்ணீர் கட்டங்காப்பி நிறம். மரப்பட்டையிலும் இலையிலும் ஊறிய துவர்ப்புச் சாயம் அது. வெள்ளைப் படகின் மூக்கில் பழுப்பு மீசை வரைந்துவிடும், அதைப் பார்த்தே யார் எந்த வழியில் வந்தார்கள் என்று சொல்லலாம்.

ஆழம் ஆறடி என்பதே கணக்கு, படகின் அடியில் நீட்டியிருக்கும் எங்கள் கீலுக்கு ஐந்தடி வேண்டும். அடியில் கிடக்கும் மரக்கட்டைகள் 'டக்' என்று தட்டும்போது வயிறு ஒரு நொடி கலங்கும். 2016-இல் மேத்யூ சூறாவளிக்குப் பிறகு மரங்கள் விழுந்து மணல் நிறைந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆகவே கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். கடும் குளிர் விழுந்த ஜனவரியில் மட்டும் வேண்டாம், மேலே மெல்லிய பனிக்கட்டி படியும். பனிக்கட்டி ஃபைபர் படகின் பக்கங்களை அறுத்துவிடும்.

தெற்கு முனையில் இறங்கி பாஸ்கோடாங்க் ஆற்றில் போனால் எலிசபெத் சிட்டி. அங்கே நகரத் துறையில் படகு கட்ட இலவச இடம் உண்டு. 1983-இலிருந்து, வந்திறங்கும் படகுகளுக்கு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்கும் வழக்கம் அந்த ஊரில் ஏற்பட்டது. ஓய்வுபெற்ற இரண்டு பெரியவர்கள் தொடங்கிவைத்தது.

தரை தட்டினால் என்ன செய்வீர்கள்?

தட்டினால் என்று கேட்காதீர்கள், தட்டும்போது என்று கேளுங்கள். நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் என்று சட்டத்தில் இருக்கிறது. மணலுக்குச் சட்டம் தெரியாது. கடலோடு சேரும் முகத்துவாரங்களை வழி குறுக்கே கடக்கும் இடங்களில்தான் மணல் திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் நான்கடி.

ஜார்ஜியா தனிக்கதை. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏழு முதல் ஒன்பது அடி. லிட்டில் மட் ரிவர், ஹெல் கேட், ஜெகில் கிரீக் ஆகிய இடங்களில் தாழ் ஓதத்தில் எங்கள் படகு போக முடியாது. ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது, பாதிக்கு மேல் ஏறிய பிறகு நுழைவதுதான் வழி. ஏறும்போது நுழைந்தால் தட்டினாலும் பத்து இருபது நிமிடத்தில் தண்ணீரே தூக்கிவிடும். இறங்கும்போது தட்டினால் படகு ஒரு பக்கம் சாய்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடக்கும். சமையலறைச் சாமான்கள் எல்லாம் தரையில். குளிர்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். நல்ல ஓதம் இருட்டில் வந்தால் பகலில் கிடைப்பது மோசமான ஓதம்தான். அந்த நாள்களில் 40 மைல் கனவை விட்டுவிட்டு இருபதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வட கரோலினாவின் ஆல்பமார்ல், பாம்லிகோ காயல்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே நிலாவால் வரும் ஓதம் கிட்டத்தட்ட இல்லை, காற்றுதான் தண்ணீரை இங்கிருந்து அங்கே தள்ளுகிறது. தட்டினால் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் வந்து தூக்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

தட்டியவுடன் செய்ய வேண்டியது: எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எந்தப் பக்கம் ஆழம் என்று பார்த்து, வந்த வழியே பின்வாங்குவது. முன்னுக்கு முறுக்காதீர்கள், இன்னும் ஆழமாகப் புதையும். கிளம்புமுன் இழுவைப் படகு நிறுவனம் ஒன்றில் ஆண்டு உறுப்பினராகிவிடுங்கள். உறுப்பினர் இல்லாமல் ஒரே ஒரு முறை இழுக்கக் கூப்பிட்டாலும் பல ஆண்டுச் சந்தா போய்விடும்.

வழிக் குறிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

தெற்கே போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். துறைமுக முகத்துவாரங்களில் வேறொரு நீர்வழியின் குறிகள் குறுக்கிடும்போது நிறம் குழப்பும். அப்போது குறியின் மேலே உள்ள சின்ன மஞ்சள் அடையாளத்தைப் பாருங்கள்: மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். கீழே இருப்பது என்ன நிறமானாலும் சரி.

இரவில் போகலாமா?

வேண்டாம். பல குறிகளுக்கு விளக்கு கிடையாது. நண்டுப் பொறிகளின் மிதவைகள் வழியிலேயே கிடக்கும், கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் அதை அறுக்க யாராவது டிசம்பர் தண்ணீரில் குதிக்க வேண்டும்.

குளிர் எப்படி இருக்கும்? எப்படித் தாங்குகிறீர்கள்?

வட கரோலினாவில் காலையில் தளத்தில் உறைபனி படிந்திருக்கும், முதல் வேலை வெந்நீர் ஊற்றுவதல்ல, வழுக்காத செருப்புப் போடுவது. ஓட்டுகிற இடத்தைச் சுற்றிக் கண்ணாடித் துணித் திரை போட்டிருக்கிறோம். அது இல்லாமல் டிசம்பரில் போவது வீண் வீரம். உள்ளே டீசல் ஹீட்டர். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அதுவும் பேட்டரி சரிபார்த்து. புரொப்பேன் அடுப்பைச் சூட்டுக்காக எரிய விட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

எங்களைக் குளிரை விட அதிகம் படுத்துவது ஈரம். மூச்சும் சமையல் ஆவியும் கூரையில் நீராகக் கோத்து மெத்தைக்கடியில் இறங்கும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போகச் சட்டம் போடுங்கள். கூரைக் கதவை ஒரு விரல் அகலம் எப்போதும் திறந்தே வையுங்கள், எவ்வளவு குளிர்ந்தாலும்.

ஜார்ஜியா தாண்டியதும் ஒவ்வொரு ஆடையாகக் கழலும். ஃப்ளோரிடாவிலும் வாடை அடித்தால் நடுங்கத்தான் செய்யும், ஆனால் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும்.

சாப்பாடு, தண்ணீர்? இட்லி கிடைக்குமா அக்கா?

கிடைக்கும். இந்தக் குளிரில் மாவு புளிக்காது என்பதுதான் சிக்கல். நாள் முழுக்க ஓடிய எஞ்சினின் மேல்மூடியருகே பாத்திரத்தைக் கட்டி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். எஞ்சின் ஓடாத ஓய்வு நாளில் தோசைதான், அதுவும் புளிக்காத தோசை. ஓடும் நாளில் பகல் சமையல் கிடையாது. காலையிலேயே கட்டிய புளியோதரை, தயிர்சாதம். சுக்கான் பிடித்தபடி ஒரு கையால் சாப்பிடக்கூடியது எதுவோ அது.

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் கிளம்பும்போதே ஏற்றிவிடுங்கள். காய்கறி வாரத்துக்கொரு முறை ஏதாவது ஊரில் கிடைக்கும். குடிநீர் படகுத்துறைகளில் டீசல் போடும்போதே நிரப்பிக்கொள்ளலாம். கழிவறைத் தொட்டியை உறிஞ்சி எடுக்கும் வசதியும் அங்கேயே. நீர்வழியில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் ஆறு வாரம் ஒரே படகில். சண்டை வராதா?

வரும். பெரும்பாலும் இரண்டு இடங்களில்: துறையில் கட்டும்போதும் நங்கூரம் பாய்ச்சும்போதும். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவே எஞ்சின் சத்தமும் காற்றும். கத்தினால்தான் கேட்கும், கத்தினால் கோபம் மாதிரிக் கேட்கும். நாங்கள் கைச்சைகைக்கு மாறினோம். இப்போது பலர் காதில் மாட்டும் சின்ன ரேடியோ வைத்துக்கொள்கிறார்கள். அதன் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

ஆண் சுக்கான் பிடிப்பதும் பெண் முன்னால் போய் நங்கூரம் தூக்குவதும் ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை. எல்லாப் படகிலும் அப்படித்தான் பார்க்கிறேன். சங்கிலி கனமானது, சுக்கான் கனமில்லை. நான் சுக்கான், அவர் நங்கூரம் என்று மாற்றியதும் பாதிச் சண்டை தீர்ந்தது. ஆனால் இரண்டு வேலையும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் படகைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கிளம்புமுன் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

எங்களிடம் இன்னொரு ஏற்பாடு: "இன்னிக்கு இது போதும்" என்று யார் முதலில் சொன்னாலும் அதோடு நிறுத்தம். காரணம் கேட்பதில்லை, விவாதம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு இன்னும் பதினைந்து மைல் போகலாம் என்று தோன்றும். ஐந்து மணி இருட்டில், காற்று ஏறிய அறியாத வளைவில் நங்கூரம் பிடிக்காமல் மூன்றாம் தடவை முயலும்போதுதான் அந்தப் பதினைந்து மைல் யாருடைய யோசனை என்ற பேச்சு எழும்.

பயமான இடம் எது?

ஒவ்வொருவருக்கும் ஒன்று. எனக்கு ஆல்பமார்ல் சவுண்ட். அகலம் அதிகம், ஆழம் குறைவு. இருபது நாட் காற்றிலேயே குறுகிய செங்குத்தான அலைகள் எழுந்து படகைக் குலுக்கி எடுத்துவிடும். காத்திருந்து கடப்பதே நல்லது. கணவருக்கு மிர்ட்டில் பீச் அருகே ராக் பைல் என்னும் பாறை வெட்டு. கால்வாயின் இரு கரையிலும் தண்ணீருக்கடியில் பாறை விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மணலில் தட்டினால் வெட்கம், அங்கே தட்டினால் செலவு. எதிரே சரக்குப் படகு வருகிறதா என்று நுழையுமுன் ரேடியோவில் கேட்டுவிடுங்கள்.

சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே எலியட் கட் என்னும் குறுகிய கால்வாயில் நீரோட்டம் எங்கள் படகின் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஓடும், நேரம் பார்த்து நுழைய வேண்டும். வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமின் சுடுதளம் நீர்வழிக்குக் குறுக்கே இருக்கிறது. பயிற்சி நடந்தால் வழியை மூடிவிடுவார்கள், காவல் படகு நிற்கும், பேசாமல் காத்திருக்க வேண்டியதுதான். ஜார்ஜியா எல்லையில் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளம். நீர்மூழ்கி வெளியே வந்தால் துணைப்படகுகள் விலகச் சொல்லும், உடனே விலகுங்கள்.

நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம், ஆனால் உயிர்காப்புச் சட்டை எப்போதும் உடலில். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அதேதான் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு டிகிரித் தண்ணீரில் விழுந்ததும் மூச்சு தானாக இழுக்கும், கைகால் சில நிமிடங்களில் ஒத்துழைக்காது. நீச்சல் அங்கே கைகொடுக்காது. தளத்தில் தனியாக நடப்பவர் இடுப்புக் கயிறு மாட்ட வேண்டும், தண்ணீர் அமைதியாக இருந்தாலும். ஏறிவர ஏணி எப்போதும் எட்டும்படி இருக்கட்டும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

பங்கோ ஆற்றுப் பக்கம் குளிர்காலத்தில் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் டண்ட்ரா அன்னங்கள். ஆயிரக்கணக்கில் கூட்டமாக இறங்கும்போது வரும் இரைச்சல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். தென் கரோலினாவில் வாக்கமா ஆறு, சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். முழுப் பயணத்திலும் அழகான 25 மைல் அதுதான் என்பேன், சூரியன் சாய்வதற்குள் பக்கத்து ஓடை எதிலாவது நங்கூரம் போட்டுவிடுங்கள். ஜார்ஜியாவில் கம்பர்லாந்து தீவு, சாலைப் பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். காட்டுக் குதிரைகள் கடற்கரையில் திரியும். 1565-இல் ஸ்பானியர் நிறுவிய செயின்ட் அகஸ்டின். டைட்டஸ்வில்லில் நங்கூரத்தில் இருக்கும்போது கேப் கனாவரலிலிருந்து ராக்கெட் கிளம்பினால் படகின் தளத்திலிருந்தே பார்க்கலாம். டால்ஃபின்கள் வழி நெடுக. ஃப்ளோரிடாவில் மனாட்டி எனும் கடற்பசுக்களுக்காகப் பல இடங்களில் குளிர்கால வேகக் கட்டுப்பாடு உண்டு. எங்களைப் பாதிக்காது, நாங்கள் எப்போதும் அந்த வேகம்தான்.

நவம்பரில் இறங்குகிறவர்கள் ஜார்ஜியாவின் செயின்ட் மேரிஸ் ஊரில் நன்றி நவிலும் நாளன்று படகுக்காரர்களுக்காக நடக்கும் விருந்தைத் தவற விடாதீர்கள். எங்களுக்கு அது எட்டுவதில்லை.

செலவு? உரிமம்?

எங்கள் எஞ்சின் மணிக்கு மூன்று லிட்டருக்குள் டீசல் குடிக்கும். நங்கூரத்தில் கிடந்தால் வாடகை இல்லை. துறையில் கட்டினால் படகின் நீளத்துக்கு அடிக்கு இவ்வளவு என்று ஓர் இரவுக்கு வாங்குவார்கள். ஆக, செலவை முடிவு செய்வது நீங்கள் எத்தனை இரவு துறையில் கட்டுகிறீர்கள் என்பதுதான். பழுதுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

உரிமம் என்று தேசிய அளவில் ஒன்றும் இல்லை, மாநில விதிகள் உண்டு. வர்ஜீனியாவில் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புப் பாடம் முடித்த சான்று வேண்டும். வட கரோலினாவிலும் ஃப்ளோரிடாவிலும் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேண்டும். பாடத்தை இணையத்திலேயே முடிக்கலாம். இருவரும் எடுத்துவிடுங்கள், ஒருவர் மட்டும் வேண்டாம்.

மயாமி போன பிறகு?

சிலர் பிஸ்கேய்ன் விரிகுடாவில் நங்கூரம் போட்டு அங்கேயே இருந்துவிடுகிறார்கள். சிலர் கீ வெஸ்ட். பலருடைய கண் பஹாமாஸ் மேல். மயாமியிலிருந்து பிமினி சுமார் 50 மைல்தான், ஆனால் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றில் வடக்கு என்ற பேச்சு துளி இருந்தாலும் போகாதீர்கள். எதிர்க்காற்றில் அந்த நீரோட்டத்தின் அலை சுவர்போல் நிமிரும். வாடைகள் வாரத்துக்கொன்று வரும் ஜனவரியில் நல்ல இடைவெளிக்காக இரண்டு வாரம்கூடக் காத்திருக்க நேரும்.

திரும்பி வருவது எப்படி?

அதே வழியில், ஏப்ரலில். காப்பீட்டுக்காரர்களுக்காக ஜூன் 1-க்குள் வடக்கே வந்தாக வேண்டும். அப்போது பகல் பதின்மூன்று மணி நேரம், தினமும் அறுபது மைல் தாராளமாக ஓடும். கொசுவும் பூச்சியும் அதற்கேற்ப இருக்கும், ஜன்னலுக்கு வலை மறக்காதீர்கள்.